சாவியைத் திருப்பியும் நிற்காத இன்ஜின்: டீசல் மெக்கானிக் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் அரசு, தனியார் தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக் பிரிவு நடத்தும் பயிற்றுநர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் நாமக்கல் பக்கத்தில் லாரிப் பட்டறை நடத்துகிறவன். ஸ்பேனர் பிடித்து 35 வருடம் ஆகிறது. உங்களிடம் ஓராண்டுப் படிப்பை முடித்த பிள்ளைகள் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் வேலை பழக வருகிறார்கள். வால்வு கிளியரன்ஸ் வைக்கத் தெரிகிறது. மைக்ரோமீட்டர் பார்க்கத் தெரிகிறது. ஹெட் போல்ட்டை எந்த வரிசையில் முடுக்க வேண்டும் என்று கேட்டால் சொல்கிறார்கள். எங்கள் காலத்தில் இதையெல்லாம் மேஸ்திரியிடம் திட்டு வாங்கி, நாலு வருடம் டீ வாங்கிக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டோம். உங்கள் உழைப்பு அந்தப் பிள்ளைகளின் கையில் தெரிகிறது. அதற்கு முதலில் நன்றி.

ஒன்று மட்டும் தெரியாமல் வருகிறார்கள். டீசல் இன்ஜின் கட்டுமீறித் தானாகவே வேகம் ஏறி ஓடினால், அதாவது ரேஸ் எடுத்துக்கொண்டால், என்ன செய்வது என்பது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு டிப்பர் வந்தது. நீலப் புகை, இழுவை இல்லை என்று டிரைவர் சொன்னார். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற டர்போவில்தான் கோளாறு என்று நினைத்து, ஏர் கிளீனரிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி ஷாஃப்ட் ஆட்டம் பார்த்துவிட்டு, புகை எப்படி வருகிறது என்று பார்க்க ஒருமுறை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். சீட்டில் உட்கார்ந்திருந்தது வேலைக்குச் சேர்ந்து 3 மாதம் ஆன பையன். ஐடிலில் இரண்டு நிமிடம் ஒழுங்காக ஓடிய இன்ஜின், ஆக்சிலேட்டரில் யாரும் கால் வைக்காமலே மெல்ல ஏற ஆரம்பித்தது. பையன் உடனே சாவியை ஆஃப் பண்ணிவிட்டான். இன்ஜின் நிற்கவில்லை. சத்தம் ஏறிக்கொண்டே போனது. பட்டறை முழுக்க வெண்ணீலப் புகை. அவன் கீழே குதித்து முன்பக்கம் ஓடினான். திறந்து கிடந்த டர்போ வாயை உள்ளங்கையால் பொத்தக் கையை நீட்டினான்.

சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். பொத்தான் தெறித்தது. கதவோரம் ஆணியில் மாட்டியிருக்கும் பலகையை எடுத்துப் பக்கவாட்டிலிருந்து டர்போ வாயில் வைத்தேன். பலகையை இன்ஜினே இழுத்து ஒட்டிக்கொண்டது. சில வினாடிகளில் மூச்சடைத்து, இரண்டு உலுக்கு உலுக்கி, நின்றது.

வெகு நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தப் பையன் கேட்டான்: "அண்ணா, சாவியை ஆஃப் பண்ணிட்டனே. டீசலே உள்ள போகலையே. அப்புறம் எதுலீங்க ஓடுச்சு?"

நல்ல கேள்வி. ஆனால் அந்தக் கேள்வி அவனுக்கு என் பட்டறையில், கை போக இருந்த நிமிடத்துக்குப் பிறகு வந்திருக்கக் கூடாது. உங்கள் வகுப்பறையில், முதல் வாரத்தில் வந்திருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில், வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் பற்றிய பாடத்தின் ஓரத்தில் ஓவர்ஸ்பீடு என்ற சொல் இருக்கலாம். என்னிடம் வந்த பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அந்த நேரத்தில் கையும் காலும் என்ன செய்ய வேண்டும் என்று பழகியிருக்கவில்லை.

அவனுக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாததில்லை. ஒரு பட்டறைக்காரன் எந்த வரிசையில் சொல்வான் என்று பாருங்கள்.

பெட்ரோல் இன்ஜினுக்குக் காற்றுதான் கடிவாளம். திராட்டிலை மூடினால் அடங்கும், பிளக்கில் பொறியை வெட்டினால் செத்துவிடும். டீசலுக்கு இரண்டும் இல்லை. காற்று வாசல் திறந்தே கிடக்கிறது. உள்ளே போன காற்றை 16 முதல் 20 மடங்கு வரை நெருக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைக் கொளுத்துகிறது. வேகத்தைக் கட்டுவது, ஒவ்வொரு அடிக்கும் எத்தனை சொட்டு டீசல் போகிறது என்கிற அளவு மட்டும்தான். சாவியோ ஸ்டாப் கேபிளோ செய்வதெல்லாம் அந்தச் சொட்டை நிறுத்துவது. வேறு வழியில் எரிகிற சரக்கு உள்ளே வந்துவிட்டால் சாவிக்கு அங்கே வேலையே இல்லை. டேங்கிலிருந்து வந்த டீசலா, அடியில் ஆயில் நிற்கிற சம்பிலிருந்து வந்த ஆயிலா, காற்றில் கலந்து வந்த கேஸா என்று சிலிண்டர் பார்ப்பதில்லை.

அந்த டிப்பரில் டர்போவின் சீல் போயிருந்தது. பேரிங்குக்குப் போகிற ஆயில் காற்றுப் பக்கம் கசிந்து, காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரில் தேங்கி, அங்கிருந்து உறிஞ்சப்பட்டது. ஆயில் எரிய எரிய வேகம் ஏறும். வேகம் ஏற ஏற டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும், ஆயில் பம்பும் அழுத்தம் கூட்டும், கசிவு இன்னும் அதிகமாகும். தனக்குத் தானே தீனி போட்டுக்கொள்கிற வட்டம் அது. 2,500 சுற்றுக்குச் செய்த இன்ஜின் 5,000 சுற்றில் ஓடினால் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்க வேண்டிய இழுவிசை இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிற விசை அது. அதனால்தான் ராடு அறுந்து பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது.

வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். 1990களின் நடுவில், நான் கைப்பிள்ளையாக இருந்த பட்டறையில் நடந்தது. டர்போ இல்லாத பழைய ஆறு சிலிண்டர் இன்ஜின். பம்ப் சர்வீஸுக்குப் போய் வந்த எஃப்.ஐ.பி.யை, அதாவது டீசலைச் செலுத்துகிற பம்பை, ஏற்றி முதல் ஸ்டார்ட். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ரேக் முழு டீசல் பக்கம் சிக்கிக்கொண்டிருக்கிறது, யாருக்கும் தெரியாது. செல்ஃப் அடித்ததும் நேராக ஏறியது. ஒருவர் ஸ்டாப் கேபிளை இழுத்தார், கேபிள்தான் கையோடு வந்தது. இன்னொருவர் ஈரச் சாக்கை மடித்து, காற்று உள்ளே போகிற மேனிஃபோல்டு வாயில் வைத்தார், சாக்கு நார் நாராக உள்ளே போனது. மூன்றாமவர் நாசில் பைப் நட்டுகளைத் தளர்த்தப் போனார். அதைச் செய்தால் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் ஓடுகிற பம்பிலிருந்து வந்த பீச்சல் அவருடைய ஆள்காட்டி விரலில் பட்டது. கடைசியில் மூன்றாவது சிலிண்டரின் ராடு பிளாக்கின் பக்கச் சுவரை உடைத்தது. ஒரு துண்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் துளைத்துப் போனது. அந்தத் துளையை வெகு காலம் அடைக்காமல் விட்டிருந்தார்கள்.

விரலில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. ரத்தம்கூட வரவில்லை. அவரும் துணியால் துடைத்துக்கொண்டு சாயங்காலம் வரை வேலை பார்த்தார். மறுநாள் காலை கை மணிக்கட்டு வரை வீங்கி, மருத்துவமனையில் விரலைப் பிளந்து கழுவினார்கள். அந்த விரல் அப்புறம் மடங்கவே இல்லை. தோலுக்குள் அழுத்தத்தோடு டீசல் ஏறினால் உள்ளே சதையைத் தின்றுகொண்டே போகும். புள்ளி எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அந்த மணி நேரத்திலேயே அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போய், என்ன நடந்தது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் அழுத்தம் 1,600 பாருக்கு மேல் போகிறது. அதில் ஓடும்போது எந்த நட்டிலும் ஸ்பேனர் வைக்கவே கூடாது.

அன்று அங்கே நின்ற ஏழெட்டுப் பேரும் அனுபவசாலிகள். ஒவ்வொருவரும் ஒரு வழியைத் தெரிந்துவைத்திருந்தார்கள். ஆனால் யார் எதைச் செய்வது என்று ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் யாரும் பேசிக்கொள்ளவில்லை. பம்ப், கவர்னர், டர்போ ஆகியவற்றில் கை வைத்த பிறகு நடக்கிற முதல் ஸ்டார்ட்தான் ஆபத்தான நேரம். பல மாதம் ஓடாமல் கிடந்த இன்ஜினும் அப்படித்தான், டீசல் பிசினாகி ரேக்கை ஒட்டிவைத்திருக்கும். அந்த முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் ரேக் கையால் தடையில்லாமல் போய் வருகிறதா என்று பார்ப்பது, ஸ்டாப் லிவர் முழுவதும் வருகிறதா என்று பார்ப்பது, ஏர் ஹோஸைக் கழற்றி வைப்பது, ஒருவன் பலகையோடு தயாராக நிற்பது. இவ்வளவுதான். 5 நிமிட வேலை.

பலகை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏன் கை கூடாது, ஏன் சாக்கு கூடாது என்று கணக்கோடு சொல்லிவிடுகிறேன். காற்றின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் வாயின் பரப்பு 78 சதுர சென்டிமீட்டர். அந்த வாயை முழுசாக அடைத்து உள்ளே பாதி வெற்றிடம் வந்தாலே 40 கிலோ இழுக்கும், முழு வெற்றிடத்தை நெருங்கினால் 78 கிலோ. அட்டையும் சாக்கும் ரெக்சின் சீட்டும் அதற்கு நிற்காது. கை வைத்தால் எடுக்க முடியாது. டர்போ உள்ள வண்டியில் அந்த வாய்க்குள் சில விரற்கடை தூரத்தில், நிமிடத்துக்கு லட்சம் சுற்றை ஒட்டிச் சுற்றுகிற அலுமினியச் சக்கரம் இருக்கிறது. என் பட்டறைப் பையன் கையை நீட்டியது அதற்குத்தான்.

நான் வைத்திருப்பது 12 மில்லிமீட்டர் பிளைவுட், ஓர் அடிச் சதுரம். ஒரு பக்கம் பழைய டியூப் ரப்பர் ஒட்டியிருக்கிறது, மறுபக்கம் கதவுக் கைப்பிடி. கைப்பிடி அவசியம். இல்லாவிட்டால் விளிம்பைப் பிடித்த விரல் குழாய்க்கும் பலகைக்கும் நடுவில் மாட்டும். நேர் முன்னால் நிற்காமல் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூட வேண்டும். ஃபேன், பெல்ட், ஃப்ளைவீல் சுற்றுகிற தளத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது, உடைந்தால் துண்டு போகிற திசை அதுதான். மேனிஃபோல்டுக்கு எவ்வளவு கிட்டத்தில் மூட முடியுமோ அவ்வளவு நல்லது. தூரத்தில் ஏர் கிளீனர் வாயை மூடினால் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸ் பிளந்து அங்கிருந்து காற்று எடுத்துக்கொள்ளும்.

பலகை வைக்க இடமே கிடைக்காத வண்டிகள் உண்டு. புது வண்டிகளில் இன்டேக் என்கிற காற்று வாசல் எங்கோ பேட்டரிக்கு அடியில் இருக்கிறது. கியர் வண்டியாக இருந்து, சீட்டில் ஆள் இருந்து, வேகம் இப்போதுதான் ஏற ஆரம்பித்திருக்கிறது என்றால், அங்கே முதல் வழி கிளட்ச். ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, கிளட்ச்சை அழுத்தி, இருப்பதிலேயே உயர்ந்த கியரைப் போட்டு, கிளட்ச்சைச் சட்டென்று விட்டுவிட வேண்டும். இன்ஜின் திணறி நிற்கும். முதல் கியரிலோ ரிவர்ஸிலோ இதைச் செய்தால் வண்டி பிரேக்கை மீறிப் பாயும். முன்னால் ஆள் நிற்கிறார்களா என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும். தயங்கித் தயங்கிக் கிளட்ச்சை விட்டால் பிளேட் கருகிவிடும், அப்புறம் அந்த வழியும் போய்விடும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு இந்த வழி இல்லை.

அடுத்தது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான். கறுப்புக் கொம்பு மாதிரி வாய் உள்ளது. பட்டறைகளில் மாட்டியிருப்பது பெரும்பாலும் உலர் பவுடர் வகை. அது தீக்குத்தான், இன்ஜினின் மூச்சை நிறுத்துவதற்கு நம்பக் கூடாது. கார்பன் டை ஆக்சைடிலும் ஒரு கணக்கு இருக்கிறது, பிள்ளைகளைப் போடச் சொல்லுங்கள். 6 லிட்டர் நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 6 லிட்டர் காற்றை இழுக்கும். 4,000 சுற்றில் நிமிடத்துக்கு 12,000 லிட்டர், அதாவது வினாடிக்கு 200 லிட்டர். 4.5 கிலோ சிலிண்டரில் இருப்பது விரிந்தால் சுமார் 2,400 லிட்டர். முழுக்கக் கொடுத்தாலும் 12 வினாடிக்குத்தான் வரும். டர்போ இருந்தால் அதிலும் பாதி என்றே வைத்துக்கொள்ளலாம். ஆகவே விட்டு விட்டு அடிப்பது, தூரத்தில் நின்று அடிப்பது இரண்டும் வீண். கொம்பை இன்டேக் வாய்க்கு ஒட்டினாற்போல் பிடித்து ஒரே மூச்சில் கொடுக்க வேண்டும். கொம்பை வெறும் கையால் பிடித்தால் குளிரில் தோல் பொசுங்கும். வண்டிக்கு அடியில் வேலை பார்க்கிற குழிக்குள் ஆள் இருந்தால் முதலில் அவரை மேலே ஏற்றுங்கள், இந்த வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் இறங்கித் தங்கும்.

தோட்டத்து ஆயில் இன்ஜினுக்கு நல்லவேளையாக ஒரு வழி கூடவே பிறந்திருக்கிறது. கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில் மேலே ஒரு டீகம்ப்ரஷன் லிவர் இருக்கும். ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் அதைத் தொடுகிறோம். ரேஸ் எடுத்துக்கொண்டால் அதைத் தூக்கினாலும் போதும், வால்வு திறந்துகொண்டு கம்ப்ரஷன் போய்விடும், எரியச் சூடு இருக்காது. வால்வு ராடு வளையலாம், வளையட்டும். இதைத் தெரிந்த விவசாயிகள் இருக்கிறார்கள், உங்கள் மாணவர்கள் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற நிலை வரக் கூடாது.

இவை எதுவும் கையெட்டும் தூரத்தில் இல்லை என்றால், அல்லது சத்தம் ஏற்கெனவே உச்சத்துக்குப் போய்விட்டது என்றால், ஓட வேண்டும். எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஓட வேண்டும். இதைச் சொல்லித் தராமல் விட்டதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பத்தொன்பது வயதுப் பையன் முதலாளியின் இன்ஜினைக் காப்பாற்றப் பார்க்கிறான். அவனுக்கு வீட்டில் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், எடுத்த வேலையைப் பாதியில் விட்டு வராதே என்று. இந்த ஒரு விஷயத்தில் விட்டுவிட்டு வரலாம், வர வேண்டும், அதற்காக யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டார்கள் என்று அவனுடைய ஆசிரியர் வாயிலிருந்து அவன் கேட்க வேண்டும். நான் சொன்னால் அது பட்டறைக்காரன் பேச்சு. நீங்கள் சொன்னால் அது பாடம்.

எங்கள் பக்கத்துத் திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டிகள் இந்தியா முழுவதும் போகின்றன. வண்டி ஓடுவது ஓர் இன்ஜினில், கம்ப்ரஸர் ஓடுவது பெரும்பாலும் இன்னோர் இன்ஜினில். அது மணிக்கணக்கில் முழு லோடில் ஓடும். சுற்றிலும் தோட்டத்துக்காரர், அவர் குடும்பம், ஊர்க் குழந்தைகள் எல்லோரும் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே சத்தம் மாறினால் ஆபரேட்டர் முதலில் செய்ய வேண்டியது கூட்டத்தை விரட்டுவது. காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் விசைப்படகில் இன்ஜின் தளத்துக்குக் கீழே இருக்கிறது, ஏறி வர ஒரே ஏணி. அங்கே பலகையை இன்ஜின் பக்கத்தில் மாட்டக் கூடாது, ஏணித் தலைப்பில் மாட்ட வேண்டும். அந்த அறைக்குள் கார்பன் டை ஆக்சைடு அடித்தால் இன்ஜினோடு மனிதனுக்கும் மூச்சு நிற்கும். இப்படி இடத்துக்கு இடம் மாறுகிறது. கடலோர மாவட்டத்துப் பயிற்றுநர் படகை வைத்துச் சொல்லட்டும், டெல்டாவில் இருப்பவர் ஆயில் இன்ஜினை வைத்துச் சொல்லட்டும்.

ஆயில் கசிவு, சிக்கிய ரேக் என்று இரண்டு வகை சொன்னேன். மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. அதில் இன்ஜினிலும் குற்றமில்லை, மெக்கானிக்கிடமும் குற்றமில்லை. சுற்றியிருக்கிற காற்றே எரிபொருளாகிவிடுவது. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் ஒரு கோபுரம் அளவுக்கு மீறி நிரம்பி, எளிதில் தீப்பிடிக்கும் திரவம் வெளியே பீச்சி, ஆவி மேகமாகத் தரையில் பரவியது. பக்கத்தில் ஐடிலில் நின்றிருந்த ஒரு டீசல் பிக்கப் வண்டி அந்த ஆவியை உறிஞ்சித் தானாக ரேஸ் எடுத்தது. மேகம் தீப்பிடித்ததற்கு அந்த வண்டிதான் காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணையில் சொன்னார்கள். 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயப்பட்டார்கள். 2010 ஏப்ரல் 20 இரவு மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடையில் கிணற்றிலிருந்து கேஸ் பொங்கியபோதும் ஜெனரேட்டர் இன்ஜின்கள் அதைக் குடித்துக் கட்டுமீறி ஓடின. அங்கே 11 பேர் போனார்கள். அமெரிக்கக் கடல் துரப்பண விதிகள் டீசல் இன்ஜினின் காற்று வாசலில் அதை மூடி நிறுத்தும் சாதனம் இருக்க வேண்டும் என்கின்றன. டெட்ராய்ட் டீசலின் பழைய இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்களில் காற்று வாசலில் இப்படியொரு மூடி வைத்தே கொடுத்தார்கள்.

நம் டேங்கர் லாரிகள் டிப்போவுக்குள் போகும்போது சைலன்சரில் ஸ்பார்க் அரெஸ்டர் மாட்டுகிறார்கள். அது வெளியே போகிற பொறியைத் தடுக்கும். உள்ளே போகிற ஆவியைத் தடுக்காது. மணலிக்கோ வளைகுடா நாட்டுக்கோ வேலைக்குப் போகிற உங்கள் மாணவன், கேஸ் வாசம் வருகிற இடத்தில் இன்ஜின் தானாக ஏறினால் சாவியைத் தேடி வண்டிப் பக்கம் ஓடக் கூடாது. காற்றுக்கு எதிர்த்திசையில், தன் காலால் முடிந்த வேகத்தில் போக வேண்டும்.

இனி, நடக்காமலே தடுப்பது. இதில் பெரிய வித்தை இல்லை, ஆயில் மட்டம் காட்டுகிற டிப் ஸ்டிக்கைப் படிப்பதுதான். ஆயில் குறைந்தால் எல்லோரும் பதறுகிறார்கள். கூடினால் யாரும் கண்டுகொள்வதில்லை. "நம்ம வண்டி ஆயிலே குடிக்கறதில்லீங்க" என்று பெருமையாகச் சொல்கிற டிரைவரிடம் நான் உடனே டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்ப்பேன். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புகைக்கரி வடிகட்டியைச் சுத்தம் செய்ய, பல இன்ஜின்கள் கடைசி நேரத்தில் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகச் செலுத்துகின்றன. ஊருக்குள்ளேயே குறைந்த தூரம் ஓடுகிற வண்டியில் அந்தச் சுத்தம் பாதியில் நின்று நின்று, மிஞ்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாகச் சம்பில் இறங்கும். மட்டம் ஏறும். மேல் கோட்டைத் தாண்டினால், ஆயில் ஆவி வெளியேறுகிற பிரீதர் குழாய் வழியாக இன்டேக்குக்குப் போகும். பழைய வண்டியில் லிஃப்ட் பம்ப் டயாஃப்ரம் கிழிந்தாலும், நாசில் ஒழுகினாலும் இதே கதை. ரிங் தேய்ந்த இன்ஜினில் பிரீதர் வழியாக ஆயில் ஆவி கட்டுக்கடங்காமல் வரும். டிராக்டரின் ஆயில் பாத் ஏர் கிளீனரில் கோட்டுக்கு மேல் ஊற்றினாலும் அந்த ஆயில்தான் உள்ளே போகும். அந்தக் கிண்ணத்தில் தாராளமாக ஊற்றுவதை நல்ல பராமரிப்பு என்று நினைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

நின்ற பிறகு செய்கிற தவறும் ஒன்று உண்டு. அந்த டிப்பருக்குப் புது டர்போ போட்டோம். போட்டவுடன் ஸ்டார்ட் பண்ணியிருந்தால் மறுபடி அதேதான் நடந்திருக்கும், ஏனென்றால் இன்டர்கூலருக்குள் முன்பு கசிந்த ஆயில் அப்படியே நின்றது. கழற்றிக் கவிழ்த்தபோது ஒரு சொம்பு நிறைய வந்தது. இன்டர்கூலர், ஹோஸ், மேனிஃபோல்டு எல்லாம் கழுவிக் காய வைக்காமல், எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல், அந்த இன்ஜினில் செல்ஃப் அடிக்கக் கூடாது.

உங்களிடம் நான் கேட்பது மூன்று. ஒவ்வொரு பட்டறைக் கூடத்திலும் இன்ஜின் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், வழியை மறிக்காத சுவரில், கைப்பிடி வைத்த பலகை ஒன்று தொங்கட்டும். எந்த மாணவனும் தன் வாழ்வின் முதல் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் அந்தப் பலகையைக் கையில் எடுத்திருக்கட்டும். மூன்றாவது, செய்முறை வகுப்பில் ஒருமுறை அதைப் பயன்படுத்திக் காட்டுங்கள். இன்ஜினை ரேஸ் ஆக விட வேண்டியதில்லை, விடவும் கூடாது. டர்போ இல்லாத நல்ல இன்ஜின் ஒன்றை ஐடிலில் ஓட விட்டு, ஏர் ஹோஸைக் கழற்றி, ஒவ்வொரு பிள்ளையையும் பக்கவாட்டிலிருந்து பலகையை வைக்கச் சொல்லுங்கள். இன்ஜின் பலகையை வெடுக்கென்று இழுப்பதை அவர்கள் கை உணரும். ஐடிலிலேயே இப்படி இழுக்கிறதா என்று முகம் மாறும். என் பையன் முகம் மாறியதை நான் பார்த்தேன். மறுநாள் காலை அவனைத்தான் முதலில் வைக்கச் சொன்னேன்.

கருவிக்கு நிதி ஒதுக்கீடு, ஒப்புதல் என்று தாமதமாகும் என்பது எனக்குத் தெரியும். பிளைவுட் துண்டும் பழைய டியூபும் என் பட்டறையில் கிடக்கின்றன. நாமக்கல், சேலம், ஈரோடு மாவட்டங்களில் உள்ள எந்த நிலையம் கேட்டாலும் பலகையை நானும் அந்தப் பையனும் செய்து எடுத்துவந்து, உங்கள் மாணவர்கள் முன்னால் வைத்துக் காட்டிவிட்டுப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளானாலும் சரி, காலை 10 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். 8 மணிக்கு லாரிகள் லோடுக்குக் கிளம்புகிற நேரம், என்னால் நகர முடியாது.

இப்படிக்கு,
நாமக்கல் பக்கத்து லாரிப் பட்டறைக்காரன்